ஒரு பேச்சுக்குக் கேட்ட கேள்வி

புதிதாகக் களப்பணிக்கு வந்திருக்கிறவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று மையத்தில் கேட்டார்கள். மேடையில் ஏற்றினால் பத்தாவது நிமிடத்தில் கைதட்டி உட்கார வைத்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் எழுதிக் கொடுத்துவிட்டேன். எழுத்தைக் கைதட்டி நிறுத்த முடியாது.

நான் எட்டாவது படித்தவன் என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கிறார்கள். எட்டாவதில் சேர்ந்தவன். சொந்த ஊர் கெங்கவல்லிப் பக்கம். பள்ளிக்கூடத்தைவிட ஆத்தூர் பஸ் எனக்குப் பிடித்திருந்தது. ஆத்தூரைவிட அதைத் தாண்டிப் போகிற லாரி பிடித்திருந்தது. ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலையில் மரவள்ளிக் கிழங்கு இறக்கினேன், லாரியில் கிளீனராக இருந்தேன், அப்புறம் திருச்செங்கோட்டு போர் வண்டியில் ஏறி ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டே வடக்கே போனேன். வருஷக்கணக்கில் வண்டிக்கு அடியில்தான் படுக்கை. இடது கைச் சுண்டுவிரலை ஒரு இரும்புக் குழாய் எடுத்துக்கொண்டது. அதில் பெரிய கதை ஒன்றும் இல்லை, மற்ற விரல்கள் இருக்கின்றன. நாலைந்து மொழிகளில் தண்ணீர் கேட்கவும் சண்டை போடவும் கற்றுக்கொண்டேன். திரும்பி வந்தபோது இந்த மையத்தில் ஜீப் ஓட்ட ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். ஊருக்குள் போனால் மக்கள் படித்தவர்களிடம் பேசுவதைவிட டிரைவரிடம் நன்றாகப் பேசுகிறார்கள் என்று யாரோ கண்டுபிடித்ததும், ஸ்டியரிங்கோடு சேர்த்து ஒலிப்பதிவுக் கருவியையும் என் கையில் கொடுத்துவிட்டார்கள்.

இந்த மையத்தில் என்னதான் செய்கிறார்கள் என்று உங்களுக்கு இன்னும் முழுசாகப் புரிந்திருக்காது. கவலைப்பட வேண்டாம். எனக்கு ஓய்வு கொடுத்து அனுப்பும்வரை புரியவில்லை. தருக்கம் சொல்லிக்கொடுக்கிறவர், மொழியை ஆராய்கிறவர், மனசை ஆராய்கிறவர், கம்ப்யூட்டர் ஆட்கள் என்று எல்லோரையும் ஒரே கூரைக்குக் கீழே உட்கார வைத்திருக்கிறார்கள். ஒரு சேதி மனிதனுக்கு எப்படி வந்து சேர்கிறது, அதை வைத்து அவன் எப்படி ஒரு முடிவுக்கு வருகிறான், அந்த முடிவை எப்படிப் பேச்சில் சொல்கிறான், இதையெல்லாம் ஒரு இயந்திரத்துக்குச் சொல்லித்தர முடியுமா. இதுதான் எல்லோருக்கும் பொதுவான கேள்வியாம். இவ்வளவு பெரிய கேள்வியில் ஒத்துப்போகிறவர்கள், டீ குடிக்க எத்தனை மணிக்கு எழுந்திருப்பது என்பதில் ஒருநாளும் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை.

எனக்குத் தொழில் பழக்கியவர் மொழித் துறையில் இருந்த ஒரு அம்மா. அவர் கற்றுக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். யார் எதைச் சொன்னாலும், சரிங்க என்று கேட்டுக்கொண்டு, அடுத்ததாக "உங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்று கேட்க வேண்டும். சந்தேகப்படுகிற குரலில் கேட்கக் கூடாது. வழி கேட்கிற மாதிரி கேட்க வேண்டும். நான் இதை நன்றாகப் பழகிவிட்டேன். ஒருநாள் என் வீட்டுக்காரி, பக்கத்துத் தெருக்காரர் புது வண்டி வாங்கிவிட்டார் என்றாள். உனக்கு எப்படித் தெரியும் என்றேன். அன்றைக்குச் சாயங்காலம் எனக்குக் காப்பி வரவில்லை. காப்பி வரவில்லை என்பது உங்களுக்கு எப்படித் தெரியும் என்றும் அவளே கேட்டாள். ஆகவே வேலை இடத்தில் மட்டும் கேளுங்கள்.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். நாமக்கல்லுக்குக் கிட்டத்தில் ஒரு ஊர். பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்கே முட்டைக் கோழிப் பண்ணை வைத்திருந்த ஒரு அம்மா. சம்பூரணம் என்று வைத்துக்கொள்வோம், நிஜப் பெயர் அதில்லை. வீட்டுக்காரர் போர் வண்டியோடு வெளிமாநிலத்தில் இருந்தார். மாமனார் காலத்து நிலத்தில் மூன்று ஷெட் போட்டு, தீவனத்திலிருந்து முட்டை ஏற்றுவது வரை அந்த அம்மாதான் பார்த்துக்கொண்டார்.

அப்போது நம் மையத்தில் ஒரு குரல் பெட்டி செய்திருந்தார்கள். பெட்டி என்று நான்தான் சொல்வேன். உண்மையில் அது ஒரு போன் நம்பர். பண்ணைக்காரர்கள் அதைக் கூப்பிட்டு, கோழிக்கு இன்னது என்று தங்கள் பேச்சிலேயே சொல்லலாம். இயந்திரம் கேட்டுப் பிரித்து வைத்துக்கொள்ளும். ஒரே இடத்தைப் பற்றி நிறையப் பேர் ஒரே மாதிரி சொன்னால், மையத்துத் திரையில் அந்த இடம் சிவப்பாகிவிடும். பொறுப்பில் இருப்பவர் சரி என்று அழுத்தினால், சுற்று வட்டாரத்தில் உள்ள எல்லாப் பண்ணைக்காரர் போனுக்கும் எச்சரிக்கைக் குரல் போய்விடும்.

பொறுப்பில் இருந்தது நஸ்ரின் என்ற ஆராய்ச்சி மாணவி. சேலத்துப் பெண். கெட்டிக்காரி, வேகமாகப் பேசுவாள், அதைவிட வேகமாக நினைப்பாள். பல பேர் ஒரே விஷயத்தைச் சொன்னால் அதை எவ்வளவு நம்பலாம் என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. என்னை அண்ணா என்பாள். நான் அவளை அம்மிணி என்பேன். ஜீப்பில் போகும்போதெல்லாம் எனக்கு நிகழ்தகவு சொல்லிக்கொடுப்பாள். நான் அவளுக்கு எந்தக் கடையில் டீ குடிக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுப்பேன்.

ஒரு சித்திரை மாதக் காலையில் திரை சிவந்தது. சம்பூரணம் பண்ணைதான். கோழிகள் கழுத்தைத் திருகிக்கொண்டு நிற்கின்றன, வெள்ளைக் கழிச்சல் நோயாகத்தான் இருக்கும் என்று ஒருவர் மாற்றி ஒருவர் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்கள். வெள்ளைக் கழிச்சல் வந்த பண்ணையில் என்ன மிஞ்சும் என்று அந்தப் பக்கத்தில் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஒரு ஷெட்டில் தொடங்கினால், முட்டை வண்டியின் டயரிலும் ஆள் செருப்பிலும் ஒட்டிக்கொண்டு ஊரெல்லாம் போய்விடும்.

கம்ப்யூட்டர் ஆட்கள் உடனே அழுத்தச் சொன்னார்கள். தள்ளிப்போடும் ஒவ்வொரு மணி நேரமும் யாரோ ஒருவருடைய கோழி என்றார்கள். அதில் தப்பில்லை. இயந்திரம் முதன்முதலாக நிஜமாகவே உதவப்போகிறது என்ற சந்தோஷமும் அவர்கள் முகத்தில் இருந்தது. அதிலும் தப்பில்லை, ஆனால் அந்தச் சந்தோஷத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முடிவெடுக்கக் கூடாது. இன்னொரு பக்கம், எச்சரிக்கை போய்விட்டால் அந்த அம்மாவின் முட்டையை அந்த வருஷம் யாரும் தொடமாட்டார்கள். அப்புறம் பொய் என்று தெரிந்தாலும் தொடமாட்டார்கள்.

நஸ்ரின் பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்தக் குரல்களை ஒருமுறை போடச் சொன்னேன். போட்டாள். கேட்கக் கேட்க எனக்கு ஒன்று உறுத்தியது. எல்லோரும் கழுத்தைத் திருகிக்கொண்டு நிற்கிறது என்றே சொன்னார்கள். எந்த ஷெட், எத்தனை வாரத்துக் கோழி, தீவனம் தின்கிறதா என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. கோழியைக் கண்ணால் பார்த்தவன் ஷெட்டைச் சொல்லாமல் பேச மாட்டான்.

"அம்மிணி, இத்தனை குரல்ல பார்த்தவங்க குரல் ஒண்ணு இருக்குதா?" என்றேன்.

அவள் மறுபடி போட்டுக் கேட்டாள். பொழுது சாயும்வரை நிறுத்தி வைக்கிறேன், அதற்குள் தெரிந்துகொண்டு வருவோம் என்று எழுந்துவிட்டாள். தன் பெயரைப் போட்டு நிறுத்தி வைத்தாள். நிஜமாக நோய் இருந்து, அன்றைக்கு மத்தியானம் நாலு பண்ணைக்குப் பரவியிருந்தால், அந்தப் பெயரை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நிறுத்துவதும் ஒரு முடிவுதான் என்று தெரிந்தே செய்தாள்.

பண்ணைக்குள் நாங்கள் போக முடியாது. எந்தப் பண்ணைக்காரரும் வெளியாளை உள்ளே விடமாட்டார். வாசலில் மருந்துத் தண்ணீர்த் தொட்டி இருக்கும், வண்டிச் சக்கரம் அதில் இறங்கி ஏறாமல் ஒரு அடி நகராது. பக்கத்துப் பண்ணைக்காரரே பக்கத்து ஷெட்டை வருஷத்துக்கு ஒருமுறைகூடப் பார்த்திருக்க மாட்டார். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஊர் முழுக்க ஒரே தொழில், ஆனால் அடுத்தவன் ஷெட்டில் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வதந்திக்கு இதைவிட நல்ல நிலம் கிடைக்காது, விதைத்தால் போதும்.

அதனால் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டோம். நல்ல மனிதர், உடனே வந்தார். அவர் வந்தது அரசாங்க ஜீப்பில். ஜீப் பண்ணை வாசலில் நின்ற கால் மணி நேரத்தில், குரல் பெட்டிக்கு இன்னும் ஒரு கூட்டம் கூப்பிட்டு, சம்பூரணம் பண்ணையில் நோய் உறுதியாகிவிட்டது என்றது. எங்கள் இயந்திரம் இன்னும் கொஞ்சம் சிவந்தது.

மருத்துவர் மூன்று ஷெட்டையும் பார்த்தார். அன்றைக்குச் செத்திருந்த ஒன்றிரண்டைக் கிழித்துப் பார்த்தார். வெளியே வந்து, வெயில் தாங்காமல் கோழிக்கு மூச்சு இளைக்கிறது, முட்டை கொஞ்சம் குறைந்திருக்கிறது, வேறு ஒன்றும் இல்லை என்றார். பரிசோதனைக்கு அனுப்ப எடுத்துக்கொண்டிருக்கிறேன், ஆனால் என் கண்ணுக்கு நோய் தெரியவில்லை என்று ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். அவருக்குப் பின்னால் சம்பூரணம் அம்மா வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முட்டை வண்டி ஒரு வாரமாக நிற்காமல் போகிறது என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. முட்டை அறை நிறைந்து, வராந்தாவில் அட்டை அட்டையாக அடுக்கியிருந்தது. சித்திரை வெயிலில் முட்டை எத்தனை நாள் தாங்கும். கோழிக்கு வதந்தி தெரியாது. அது பாட்டுக்கு முட்டையிட்டுக்கொண்டிருந்தது.

"நோவு இல்லீன்னு டாக்டர் சொல்லிட்டாருங்க. நோவு இருக்குதுன்னு சொன்னது யாருங்க?" என்று கேட்டார் அந்த அம்மா.

கண்டுபிடிக்கிறோம் என்று நஸ்ரின் சொன்னாள். கொஞ்சம் வீராப்பாகவே சொன்னாள். யார் என்று தெரிந்தால் நான்கு வார்த்தை கேட்காமல் விடமாட்டேன் என்று ஜீப்பில் ஏறும்போது என்னிடமும் சொன்னாள்.

முதலில் முட்டை வண்டி ஓட்டுகிற செல்வத்தைப் பிடித்தோம். தனக்கு நன்றாகத் தெரியும் என்றான். எப்படித் தெரியும் என்றோம். பால் சொசைட்டியில் பால் அளக்கிறவர் சொன்னார், அவர் பொய் பேசுகிற ஆள் இல்லை என்றான். நான் அந்தப் பண்ணை வாசலில் நின்றால் மற்ற பண்ணைக்காரர் என்னைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள், எனக்கும் பிழைப்பு இருக்கிறது என்றான். பால் அளக்கிறவர், தனக்கு எதுவும் நேரில் தெரியாது, ஆனால் செய்தி உறுதியானது, மேலிடத்துச் செய்தி என்றார். மேலிடம் யார் என்று கேட்டதும் குரலைத் தாழ்த்தி, மெயின் ரோட்டு டீக்கடைக்காரர் என்றார்.

டீக்கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் மூன்று டீ போட்டார். மூன்றாவது அவருக்கு. நஸ்ரின் விஷயத்தைச் சொல்லி, உங்களுக்கு எப்படிங்க தெரியும் என்றாள். வழி கேட்கிற குரலில் கேட்கவில்லை, கொஞ்சம் போலீஸ் குரல் வந்துவிட்டது. அவர் டம்ளரை வைத்துவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏனுங் அம்மிணி, வெளையாடறீங்களா? நீங்கதானுங்களே சொன்னீங்க."

"நானா?"

"அன்னைக்கு இதே பெஞ்சில உக்காந்துட்டு கேட்டீங்களே. சம்பூரணம் பண்ணையில கோழி கழுத்தத் திருகிட்டு நிக்குதுன்னு வெச்சுக்குங்க, கழுத்தத் திருகினா வெள்ளைக் கழிச்சல்னு வெச்சுக்குங்க, அப்பப் பக்கத்துப் பண்ணைக்காரரு என்ன முடிவுக்கு வரோணும்னு."

"அது ஒரு கேள்விங்க."

"கேள்விதானுங்க. ஆரு இல்லீன்னா? ஒண்ணுமே இல்லாமயா சேலத்துல இருந்து ஜீப்பு போட்டுட்டு வந்து, மிசினை வெச்சுக்கிட்டு, ஒரு ஊட்டுப் பேரச் சொல்லிக் கேப்பாங்க? ஏதோ பட்டுனு சொல்லக் கூடாதுன்னு சுத்தி வளைச்சுக் கேக்கறாங்கன்னு எங்களுக்குத் தெரியாதுங்களா?"

தனக்கும் நாகரிகம் உண்டு, அதனால் பெரிதாக வெளியே விடவில்லை, பால் அளக்கிறவரிடம் மட்டும் சொன்னேன் என்றும் சொன்னார். எங்களுக்கு மேல் அவர்தான் எங்கள் ரகசியத்தைக் காப்பாற்றியிருக்கிறார்.

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். தருக்கத்துப் பெரிய சார் மனிதர்கள் எப்படிக் காரணம் காட்டுகிறார்கள் என்று பார்க்கச் சில கேள்விகள் வைத்திருந்தார். இன்னது இருந்தால் இன்னது, இன்னது இருக்கிறது, ஆகவே என்ன? முதலில் யாரும் பார்க்காத தேசத்து வெள்ளைக் கரடியை வைத்துக் கேட்டார்கள். ஊரில் சிரித்தார்கள், கரடியைப் பற்றிக் கரடியைக் கேளுங்கள் என்றார்கள். அதனால் அந்தந்த ஊருக்குப் பழக்கமான பொருள், பழக்கமான பெயரை வைத்துக் கேளுங்கள் என்று சார் மாற்றினார். நஸ்ரின் அப்படியே செய்தாள். கடைக்கு எதிர்ச் சாலையில் திரும்பினால் முதல் பண்ணை சம்பூரணம் பண்ணை. அந்தப் பெயரை வைத்தாள்; ஊருக்கு ஒரு பெயராகக் கேட்டுக்கொண்டு போனதில் அவளுக்கே அது மறந்துபோயிருந்தது. அந்த மாதம் பதில்கள் எல்லாம் அருமையாக வந்தன என்று மையத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். அவள் கேட்டபோது நான் ஜீப்பில் தூங்கிக்கொண்டிருந்தேன். விழித்திருந்தால் தடுத்திருப்பேன் என்று சொல்ல ஆசைதான். எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்பீர்கள்.

ஜீப்புக்கு வந்து சாருக்குப் போன் போட்டோம். நிறுத்தி வைத்திருந்த எச்சரிக்கையை நஸ்ரின் முதலில் ரத்து செய்தாள். அப்புறம் நடந்ததைச் சொன்னாள். சார் கேட்டுவிட்டு, கவலை வேண்டாம், சம்பூரணம் பண்ணையில் நோய் இல்லை என்று எல்லாப் போனுக்கும் ஒரு குரல் அனுப்பிவிடலாம் என்றார். போனை நான் வாங்கினேன்.

"சார், நாளைக்குக் காலைல நம்ம மையத்து வாசல்ல, இங்கே இருக்கும் தருக்கப் பேராசிரியர் திருடர் அல்லன்னு ஒரு போர்டு வெச்சா எப்படிங்க இருக்கும்?"

வேண்டாம் என்றார். எதை வேண்டாம் என்றார் என்று நான் கேட்கவில்லை. இரண்டும்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

சொன்னவர்களையே சொன்னதைத் திருப்பி வாங்க வைக்க வேண்டும், வேறு வழியில்லை. போர் வண்டிக் காலத்தில் நான் பார்த்தது இது. ஒரு ஊரில் நம்மைப் பற்றித் தப்பாக ஒருவன் சொல்லிவிட்டால் நாம் ஊர் கூட்டி இல்லை என்று கத்திப் பயனில்லை. சொன்னவனே போய், கேட்டவனிடம், நான் சொன்னது சரியில்லை என்று சொல்ல வேண்டும். அது ஒவ்வொரு படியாகத்தான் இறங்கும். ஆனால் முதல் படி நஸ்ரின். அதற்கும் முன்னால் சம்பூரணம் அம்மாவிடம் சொல்ல வேண்டும்.

நஸ்ரின் ஜீப்பை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். அந்த அம்மா ஒரு புகார் எழுதிக் கொடுத்தால் அவளுடைய ஆராய்ச்சி நின்றுவிடும். விதி அப்படி. மக்களுக்குக் கேடு வராமல் கேட்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் நாம் எல்லோரும் களத்துக்கு வருகிறோம். அந்த அம்மாவிடம் போகாமலே டீக்கடையிலிருந்து சரி செய்துகொண்டு போக முடியாதா என்று கேட்டாள். முடியும் என்றேன். பொய் சொல்லவில்லை, முடியும்தான். அவள், வண்டியைப் பண்ணைக்கு விடுங்கண்ணா என்றாள்.

சம்பூரணம் அம்மா கம்பிக்கு அந்தப் பக்கமே நின்று கேட்டார். சொல்வதற்கு முன்னால் எந்த ஊர், அப்பாவுக்கு என்ன தொழில் என்று வழக்கப்படி விசாரித்தார். சேலத்தில் துணிக்கடை என்றாள். பிறகு நடந்ததைச் சொன்னாள். யார் மேலும் பழி போடாமல், சார் சொன்னார் என்றுகூடச் சொல்லாமல், நான் கேட்டேன் என்று சொன்னாள். அந்த அம்மா கத்தவில்லை. வராந்தாவில் அடுக்கியிருந்த முட்டையைத் திரும்பி ஒருமுறை பார்த்தார்.

"ஒரு பேச்சுக்குக் கேக்கறனுங் அம்மிணி. உங்கப்பா கடைல வாங்கற துணில ஏதோ பூச்சி இருக்குது, உடுத்துனா சொறி வருதுன்னு வெச்சுக்கலாம். நாளைக்கு இருந்து ஒருத்தரும் கடைக்கு வர்றதில்லீன்னு வெச்சுக்கலாம். அப்ப நீங்க என்ன முடிவுக்கு வருவீங்க?"

நஸ்ரினுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"கேள்விதானுங்க. மூஞ்சி ஏன் அப்படிப் போகுது?" என்றார் சம்பூரணம் அம்மா.

பிறகு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, முன்னால் போகிறேன் பின்னால் வாங்க என்றார். டீக்கடைக்குப் போனோம். நஸ்ரின் கடைக்காரரிடம், அது நானாகக் கட்டிய கேள்வி, அதற்குப் பின்னால் எந்தச் சேதியும் இல்லை என்றாள். அவர் முதலில் நம்பவில்லை. ஒன்றுமில்லாததைக் கேட்கவா இவ்வளவு படிக்கிறார்கள் என்று நிஜமாகவே வியப்புப்பட்டார். என் மகளை இதில் சேர்க்கலாம் என்று இருந்தேன், இனி யோசிக்க வேண்டும் என்றார். ஆனாலும் கடையைப் பையனிடம் விட்டுவிட்டுக் கூடவே பால் சொசைட்டிக்கு வந்து, நான் உன்னிடம் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றார். பால் அளக்கிறவர், நான் அப்போதே முழுசாக நம்பவில்லை என்றார். யாரும் சண்டை போடவில்லை. செல்வத்துக்குப் போன் போட்டு, நாளைக்குக் காலையில் பண்ணை வாசலில் நில், நாங்களும் இருப்போம் என்று சொன்னார்கள்.

மறுநாள் காலையில் செல்வம் வண்டியை நிறுத்தினான், ஆனால் இறங்கவில்லை. எஞ்சினையும் அணைக்கவில்லை. பால் அளக்கிறவர் எல்லாம் கிளம்பிவந்து ஏதோ சொல்கிறார்களே, அதுவே சந்தேகமாக இருக்கிறது என்றான். டாக்டர் பார்த்துவிட்டார் என்றால், ஊர் பயப்படக் கூடாது என்று டாக்டர் அப்படித்தான் சொல்வார் என்றான். நானே உள்ளே வந்து ஒருமுறை பார்த்துவிட்டால் தேவலை என்று சம்பூரணம் அம்மாவிடம் கேட்டான்.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. விட்டுக் காட்டினால் முடிந்துபோகும். அந்த அம்மா முடியாது என்றார்.

"பத்துப் பண்ணை மண்ணு உன்ற செருப்புல இருக்குது. உள்ள விடமாட்டேன் சாமி. எடுக்கறதுன்னா முட்டைய எடு. இல்லீன்னா வண்டிய எடு."

ஒரு வாரத்து முட்டை பின்னால் அடுக்கியிருக்க, அப்படிச் சொன்னார். செல்வம் அவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கடைசியில் நஸ்ரினைப் பார்த்தான். ஆரம்பித்தவள் அவள்தான் என்று அவனுக்கு இப்போது தெரியும்.

"நீங்க சொல்லுங்க அம்மிணி. உள்ள நோவு இல்லைதானுங்களே? எடுக்கட்டுமா?"

இந்த இடத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். ஒரே ஒரு ஆமாம் போதும். அந்த அம்மாவும் அதைத்தான் எதிர்பார்த்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் நின்ற எனக்கு, சொல்லிவிடு பாப்பா என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவள் செல்வத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"நான் உள்ளே போகலைங்க. எனக்குத் தெரியாது. டாக்டர் போனார், ஷெட்டெல்லாம் பார்த்தார், செத்ததைக் கிழிச்சுப் பார்த்தார், அவர் கண்ணுக்கு நோய் தெரியலைன்னார். பரிசோதனை முடிவு இன்னும் வரலை. கழுத்துத் திருகினது நான் இட்டுக்கட்டினது. அது எனக்கு நிச்சயமாத் தெரியும். இவ்வளவுதாங்க எனக்குத் தெரியும்."

காரியம் கெட்டது என்று நினைத்தேன். பரிசோதனை முடிவு வரவில்லை என்று இப்போது யார் கேட்டார்கள். சம்பூரணம் அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை, வண்டி டயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

செல்வம் எஞ்சினை அணைத்தான்.

"பத்து வருசமா இந்த ரோட்டுல ஓட்டறனுங்க. ஒரு விசயம் தெரியாதுன்னு சொன்ன ஆளை இப்பத்தான் பாக்கறேன்" என்றான். சக்கரத்தைத் தொட்டித் தண்ணீரில் இறக்கி ஏற்றினான், இறங்கி வந்து கம்பிக்கு வெளியே நின்றே கையை நீட்டினான். சம்பூரணம் அம்மா முதல் அட்டையைத் தூக்கிக் கொடுத்தார். பழையதை முதலில் ஏற்று, புதுசு அப்புறம் என்று அவன் சொல்ல, எனக்குத் தெரியாதா என்று இவர் சொல்ல, இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே ஏற்றினார்கள். நஸ்ரினும் நானும் கை கொடுக்கப் போனோம். கம்பியைத் தாண்டி ஒரு அடி வைத்ததும், செருப்போடு எங்கே வர்றீங்க என்று இரண்டு பேரும் சேர்ந்து எங்களை விரட்டினார்கள். வெளியே வெயிலில் நின்று வண்டி நிறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.